கடலில் என் விடுமுறை

"மே மாசம் குடும்பத்தோட பாண்டிச்சேரி போனீங்களே, அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையே?" என்று காலை நடையில் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எதையும் விடாமல் எழுதுகிறவன் இதை ஏன் விட்டான் என்று அவர்களுக்குச் சந்தேகம். எழுதாததற்குக் காரணம் உண்டு. படித்து முடித்தால் உங்களுக்கே புரியும்.

போனது 2023 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில். என் மகன், மருமகள், பதினோரு வயதுப் பேத்தி, ஏழு வயதுப் பேரன், என் வீட்டுக்காரி, அம்பத்தூரிலிருந்து சம்பந்தி அம்மா, நான். ஏழு பேருக்கு ஒரு வேன். பேரன் அதுவரை பார்த்த பெரிய தண்ணீர் பருத்திப்பட்டு ஏரிதான். அங்கே படகில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி வந்ததையே கப்பல் பயணம் போலச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு முறை மின்சார ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரை போகவேண்டும் என்று அடம் பிடித்தான். ஆவடியிலிருந்து ஏறிப் பீச் ஸ்டேஷனில் இறக்கினேன். "தாத்தா, பீச் எங்க?" என்றான். எதிரே துறைமுகத்துச் சுவரும் லாரிகளும். அவன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான், "நம்ம ஊருக்குக் கூட்டிட்டுப் போறேண்டா, அங்க வாசல்லயே கடல்" என்று வாக்குக் கொடுத்தேன்.

நம்ம ஊர் என்று நான் சொல்வது பாண்டிச்சேரியை. சேக்காட்டில் மனை வாங்கிக் குடியேறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் இங்கேதான். இருந்தாலும் யாராவது "சொந்த ஊர்?" என்று கேட்டால் வாய் தானாகப் புதுச்சேரி என்றுதான் சொல்லும். அங்கே பிறந்து, அங்கே பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் கெடு வைத்தார்கள். எங்கள் தெருவில் எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அப்பா கொடுக்கவில்லை. நான் பதினைந்து வயதுக்கு மேல் இங்கிலீஷை அ ஆ என்று ஆரம்பித்து, தட்டச்சு கற்று, தேர்வு எழுதி, 1974-ல் ஆவடியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தேன். அந்தக் கதையெல்லாம் முன்பே எழுதியாகிவிட்டது. நிற்க.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்குக் 'கொம்போசிசியோன்' என்று ஒன்று உண்டு. கட்டுரைதான். நான் படித்த காலத்தில் பாடப் புத்தகங்கள் பிரான்சிலிருந்து வரும். அதில் ஒரு பாடம், 'வகான்ஸ் அ லா மேர்'. கடற்கரையில் விடுமுறை. ஒரு அப்பா, ஒரு அம்மா, தாத்தா பாட்டி, இரண்டு பிள்ளைகள். ரயிலில் பெட்டி படுக்கையோடு கடற்கரை ஊருக்குப் போகிறார்கள். பிள்ளைகள் கையில் சிவப்பு வாளி, சின்ன மண்வாரி. மணலில் கோட்டை கட்டுகிறார்கள், தாத்தா குடை நிழலில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். இதைப் படித்துவிட்டு, உங்கள் கடற்கரை விடுமுறையைப் பற்றிப் பதினைந்து வரி எழுதுங்கள் என்றார் முசே. ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

எங்கள் வீட்டிலிருந்து கடல் பத்து நிமிஷ நடை. ஆனால் கடற்கரையில் விடுமுறை என்று ஒன்று எங்களில் யாருக்கும் தெரியாது. கடல் என்றால் மாசி மகம். மயிலம் முருகன் உட்பட எத்தனையோ ஊர்ச் சாமிகள் வைத்திக்குப்பம் கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். அன்று ஆயா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று முறை தலையை நனைத்துவிட்டு மேலே இழுத்து வந்துவிடுவாள். மற்றபடி கடலுக்குப் போவது அமாவாசைத் தர்ப்பணத்துக்கு, இல்லையென்றால் அஸ்தி கரைக்க. விளையாடக் கடலா? கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

எனவே புத்தகத்தில் இருந்த வாளியையும் மண்வாரியையும் அப்படியே எடுத்து என் கட்டுரையில் போட்டேன். எங்கள் வீட்டில் இருந்த ஒரே வாளி கிணற்று வாளி. போதாக்குறைக்கு ஒரு எழுத்துப் பிழை வேறு. பிரெஞ்சில் கடலுக்கும் 'மேர்', அம்மாவுக்கும் 'மேர்'. உச்சரிப்பு ஒன்றேதான். அம்மாவுக்குத் தலையில் ஒரு கோடும் கடைசியில் ஒரு எழுத்தும் கூடுதல். பதினைந்து வரியிலும் நான் அம்மாவைத்தான் எழுதியிருந்தேன். முசே உரக்கப் படித்தார்: "அம்மா பெரியவள், நீல நிறம், சத்தம் போடுகிறாள், மாலையில் அவள்மேல் காற்று வாங்குவோம்." வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகை வந்தாலும், சத்தம் போடுகிறாள் என்பது என் அம்மாவுக்குப் பொருத்தம்தான் என்று தோன்றியது.

பிற்பாடுதான் படித்தேன், அந்தப் பாடத்தில் வந்த குடும்பத்துக்கே அந்த விடுமுறை புதிசுதான் என்று. 1936-ல் லியோன் பிளம் அரசு வந்த பிறகுதான் பிரான்சில் தொழிலாளிகள் எல்லோருக்கும் வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் ஆனது. ரயிலில் 40 சதவீதம் கட்டணத்தைக் குறைத்து டிக்கெட் கொடுத்தார்கள். அந்த வருஷம்தான் பலர் வாழ்க்கையில் முதல்முதலாகக் கடலைப் பார்த்தார்களாம். நம் எல்.டி.சி. பில் எழுதியே தேய்ந்தவன் நான். அந்த டிக்கெட் செய்தியைப் படித்தபோது முகம் தெரியாத அந்தக் குமாஸ்தாக்கள்மேல் எனக்கு ஒரு பாசம் வந்தது. எத்தனை படிவம் நிரப்பினார்களோ. (எல்.டி.சி. என்றால் முன்னே சொன்ன பதவியும்தான், விடுமுறைப் பயணச் சலுகையும்தான். அலுவலகத்தில் இருந்தவர்களுக்குக் குழப்பம் வராது.)

இப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டியதற்கு வருகிறேன்.

பேரப் பிள்ளைகளிடம் நான் கொஞ்சம் அளப்பேன். சேக்காட்டில் இரவு கரண்டு போனால் மொட்டை மாடியில் பாய் விரித்து, ஏரிக் காற்றில் கதை சொல்வது வழக்கம். அதில் ஒரு கதை, தாத்தா சின்ன வயதில் பாண்டிச்சேரிக் கடல் பாலத்தின் முனைக்கு ஓடி, தலைகீழாகக் குதித்து, அலையை வெட்டி நீந்திக் கரைக்கு வந்த கதை. குதித்தவர்கள் இருந்தார்கள், அது பொய்யல்ல. குருசுக்குப்பத்து, வைத்திக்குப்பத்துப் பையன்கள் குதிப்பார்கள். நான் சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, கையில் பிரெஞ்சுப் புத்தகத்தோடு, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு நீச்சல் தெரியாது. கிணற்றில்கூட நீந்தியதில்லை. கதையில் அந்தப் பையன்களின் இடத்தில் என்னை வைத்துக்கொண்டேன். முதல் முறை சொன்னபோது பேரன் கண்கள் விரிந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எப்படித் திருத்துவது? வீட்டுக்காரிக்கு மட்டும் உண்மை தெரியும். கட்டில் ஓரத்திலிருந்து "உம்… உம்…" என்று ஒரு மாதிரி உம் கொட்டுவாள், அவ்வளவுதான்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறினால் வண்டலூர், அங்கிருந்து கேளம்பாக்கம், கோவளம், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை. சம்பந்தி அம்மா புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வடகம் எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மருமகளுக்கு வழியில் நல்ல ஓட்டலில் இறங்கலாம் என்று எண்ணம். தாயும் மகளும் மாமல்லபுரம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள். மரக்காணத்தில் உப்பளங்களைப் பார்த்ததும் வேனை நிறுத்தச் சொன்னேன். கடல் தண்ணீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் காயவைத்தால் உப்பு என்று விளக்கினேன். "அப்போ கடல்ல எவ்ளோ உப்பு இருக்கும்?" என்றாள் பேத்தி. ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்றேன். அங்கேயே புளிசாதத்தைப் பிரித்துவிட்டார் சம்பந்தி அம்மா. வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது எல்லோருக்கும் பிடித்துப்போய், தாய் மகள் சண்டையும் அதோடு தீர்ந்தது.

ஊருக்கு வெளியே, கடலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தான் மகன். எந்தப் பக்கம் என்று சொல்லப்போவதில்லை. அன்று மாலை கூபேர் அவென்யூவுக்குப் போனோம். எங்களுக்கு அது கூர் ஷப்ரோல்தான். மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை, அதனால் பிள்ளைகளை அவிழ்த்து விடலாம். காந்தி சிலை, அதைச் சுற்றிச் செஞ்சியிலிருந்து வந்த கல்தூண்கள், 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவுச் சின்னம் என்று ஒவ்வொன்றாய்க் காட்டிக்கொண்டு போனேன். மேரிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த சேதி வந்தபோது நான் இங்கே சேக்காட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது அதே மாதிரி திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் கல்யாணப் பதிவுக்கு ஏறின படிகள் இவை இல்லை.

பேரன் இதில் எதையும் காதில் வாங்கவில்லை. சுவரின் மேல் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, வாசல்ல கடல்னு சொன்னீங்க. மணல் எங்க? கல்லுதானே இருக்கு?" என்றான். மறுபடியும் பீச் ஸ்டேஷன் முகம்.

கறுப்புக் கற்கள். ஊர் நெடுக. என் சின்ன வயதில் அந்த இடம் முழுக்க மணல். மாலையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். என்ன ஆயிற்று என்று அவனுக்கு விளக்கினேன், உங்களுக்கும் சொல்கிறேன். நம் கிழக்குக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகிறது. அதனால் கரை மணல் ஒரு இடத்தில் நிற்காமல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். போகிற மணலுக்குப் பதில் தெற்கிலிருந்து புது மணல் வந்துவிடும், கணக்கு நேராகிவிடும். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கற்சுவர் நீட்டினார்கள். வரவு நின்றுபோனது, செலவு நிற்கவில்லை. ஊருக்கு முன்னால் இருந்த மணல் சில வருஷத்தில் காலி. கடல் ஊருக்குள் வராமல் இருக்கக் கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே இருந்த மீனவ கிராமங்களில் அரிப்பு ஆரம்பித்தது. அங்கேயும் கல்.

வேடிக்கை என்னவென்றால், நம் மெரினா பிறந்ததும் இதே கணக்கில்தான். 1876-ல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கிய பிறகு, சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகலக் கடற்கரை ஆனது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். சுவருக்கு வடக்கே இருந்த ராயபுரம் பக்கம் மணலை இழந்து கல்லைக் கட்டிக்கொண்டது. ஒரே சுவர், தெற்கே லாபம், வடக்கே நஷ்டம். பாண்டிச்சேரி நகரம் சுவருக்கு வடக்கே இருந்துவிட்டது, விதி.

முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அக்கா கற்களை ஒன்றும் சொல்ல விடமாட்டாள். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது ஊருக்குள் தண்ணீர் வராமல் காத்தது இந்தக் கற்கள்தான் என்பாள். அன்று வீராம்பட்டினத்துக்கும் காரைக்காலுக்கும் நேர்ந்ததை நினைத்தால் எதிர்த்துப் பேச வாய் வருவதில்லை. இப்போது தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு வைத்து, கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. அங்கே பேரனை இறக்கிவிட்டதும்தான் அவன் முகம் தெளிந்தது.

அங்கிருந்து பார்த்தால் பழைய பாலம் தெரிந்தது. அதற்கும் முந்தைய இரும்புப் பாலம் 1952 புயலில் போய்விட்டது. நான் சொல்வது அதற்குப் பிறகு கட்டிய காங்கிரீட் பாலம். அதுவும் 2022 மார்ச்சில் நடுவில் இடிந்து விழுந்து, பாதியாக நின்றது.

"இந்தப் பாலமா தாத்தா? இங்கேருந்தா குதிச்சீங்க?"

எல்லோரும் இருந்தார்கள். உண்மையைச் சொல்லச் சரியான நேரம் அதுதான். "ஆமாண்டா, அதோ அந்த முனை" என்றேன். வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். உம் கொட்டவில்லை.

அன்று இரவு படுக்கப் போகும்போது மருமகள் வந்து, "மாமா, காலையில நீங்க சீக்கிரம் எழுந்திருப்பீங்க. குட்டி எழுந்தா தண்ணிகிட்ட தனியா கூட்டிட்டுப் போயிடாதீங்க. அவங்க அப்பா எழுந்ததும் எல்லாரும் போலாம்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. கடல் ஓரத்தில் பிறந்தவனுக்கு ஆவடியில் பிறந்த பெண் கடலைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் சொன்ன பொய்யை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

காலை ஐந்தரை மணிக்குப் பேரன் என் காலைச் சுரண்டினான். "தாத்தா, சூரியன் வரும், போலாம் வாங்க." போனோம். கதவைச் சத்தமில்லாமல் நான்தான் சாத்தினேன்.

கரையில் தமிழிலும் இங்கிலீஷிலும் எச்சரிக்கைப் பலகை இருந்தது. படித்தேன். நாற்பது வருஷம் சுற்றறிக்கை படித்துக் கையெழுத்துப் போட்டவன், இதையும் அப்படியே படித்தேன். கணுக்கால் அளவில் நின்றோம். இரண்டு பக்கமும் அலை நுரையாக மடிந்து விழுந்துகொண்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலையே இல்லாமல் தண்ணீர் குளம் போல் இருந்தது. பிள்ளைக்கு இதுதான் பத்திரம் என்று அங்கே கூட்டிக்கொண்டு போனேன். முழங்கால் அளவுதான். "தாத்தா, நீந்திக் காட்டுங்க" என்றான். "இரு இரு, வேட்டி நனையும்" என்றேன்.

அடுத்தது எத்தனை நொடி என்று தெரியாது. காலடியில் மணல் உருகுவது போல் இருந்தது. கரையேறிய தண்ணீர் திரும்பும்போது இடுப்பைத் தள்ளியது. நான் உட்கார்ந்தவாக்கில் விழுந்தேன். அவன் விரல்கள் என் கைக்குள் இருந்தன, பிறகு இரண்டு விரல், பிறகு இல்லை. நீலச் சட்டை மட்டும் என்னைவிட்டு விலகிப் போவது தெரிந்தது. தூரம் அதிகமில்லை, எங்கள் வீட்டுக் கூடத்தின் நீளம் இருக்கும். என்னால் போக முடியவில்லை. எழுந்தால் மறுபடி விழுந்தேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். என்ன கத்தினேன், எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியாது.

படகுப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்தார். நாற்பது வயது இருக்கும். நேராக வராமல் பக்கவாட்டில் இறங்கி, நாலு வீச்சில் போய், பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பும்போதும் நேராக வராமல் ஓரமாகச் சாய்ந்து, அலை மடிகிற இடத்துக்கு வந்து கரையேறினார். பையன் இருமினான், வாந்தி எடுத்தான், அழுதான். அந்த அழுகையைக் கேட்டதும் என் கால் இரண்டும் மடங்கிவிட்டன.

"பெரியவரே, தண்ணி எங்க சும்மா இருக்கோ அங்கதான் இழுக்கும். அல மடியுற எடம் மோடு, மடியாத எடம் பள்ளம். கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அந்தப் பள்ளத்து வழியாத்தான் திரும்பிப் போவும். இழுத்தா எதுத்து நீந்தக் கூடாது, பக்கமாப் போயி வெளிய வரணும்" என்றார். பிறகு, "எந்த ஊரு?" என்று கேட்டார்.

"ஆவடி" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக.

ஐந்நூறு ரூபாய் நனைந்து போய்ப் பையில் இருந்தது. நீட்டினேன். "உள்ள வைங்க ஐயா. புள்ளைக்கு சூடா ஏதாவது வாங்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வலைக்குப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான்.

இதுவரை நடந்தது விபத்து. அடுத்து நான் செய்ததுதான் இத்தனை நாள் எழுதவிடாமல் தடுத்தது. திரும்பி வரும் வழியில் ஒரு டீக்கடையில் அவனுக்குப் பால் வாங்கிக் கொடுத்து, சட்டையைப் பிழிந்து விட்டு, குனிந்து, "குட்டி, அம்மாகிட்ட சொல்லாதே, என்ன? அம்மா பயப்படுவாங்க" என்றேன். அவன் என்னையே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டிருந்தார்கள். "ஏண்டா தொப்பலா நனைஞ்சிருக்க?" என்று மருமகள் கேட்டாள். "அலை கிட்ட வழுக்கிக் கீழ விழுந்துட்டேம்மா. என் தப்புதான். தாத்தா வேணாம்னு சொன்னாரு" என்றான் பேரன். ஏழு வயது. அப்படி ஒரு நேர்த்தியான பொய்யை யாரிடம் கற்றான் என்று கேட்க வேண்டியதில்லை. அவன் அம்மா முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் அழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

இட்லி தட்டில் இருந்தது. ஒரு விள்ளல்கூட இறங்கவில்லை. "அவனைத் திட்டாதம்மா" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளம், கை நழுவியது, மீனவர், டீக்கடை வரை. பிறகு அதோடு நிற்க முடியாமல், பாலத்திலிருந்து நான் குதித்ததில்லை, எனக்கு நீச்சலே தெரியாது என்பதையும் சொன்னேன். பேத்தி, "அப்போ அந்தக் கதை எல்லாம்?" என்றாள். யாரும் பதில் சொல்லவில்லை. மருமகள் பையனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவன் கை கால் எல்லாம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். மகன் எழுந்து வெளியே போய்விட்டான். வெகு நேரம் கழித்து மருமகள், "நான் ராத்திரி சொன்னேன் மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சம்பந்தி அம்மாதான் அந்த நாளை நகர்த்தினார். "பிள்ளை நம்மகிட்ட இருக்கான், முதல்ல கோயிலுக்குப் போலாம்" என்று எல்லோரையும் கிளப்பி மணக்குள விநாயகர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மகன் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மாலையில் மறுபடி கூர் ஷப்ரோல். எல்லோரும் முன்னால் போக, நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நானும் நேத்தே சொல்லியிருக்கலாம், அவருக்கு நீச்சல் தெரியாதுன்னு. உங்க மரியாதை போயிடுமேன்னு பேசாம இருந்துட்டேன்" என்றாள். அவளும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் பேரன் ஓடிவந்து, என் மடியில் ஒரு கிளிஞ்சலை வைத்துவிட்டு, "தாத்தா, அந்தப் பசங்க குதிச்சாங்கல்ல, அது மட்டும் நெஜமா?" என்று கேட்டான். நிஜம் என்றேன். "அப்போ அவங்க கதையச் சொல்லுங்க" என்றான். சொன்னேன். சட்டையைச் செருகிக்கொண்டு புத்தகத்தோடு நின்ற பையனையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பையன் ஏன் குதிக்கவில்லை என்று கேட்டான். பயம் என்றேன். அம்மா என்று எழுதிய கட்டுரையையும் சொன்னேன், அதற்கு மட்டும் சிரித்தான்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு மாதம் மருமகள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. பேரனைத் தெருமுனைக் கடைக்குக்கூட என்னோடு அனுப்பவில்லை. அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஜூலையில் ஒரு சனிக்கிழமை அவளே வந்தாள். "மாமா, குட்டியை நீச்சல் வகுப்புல சேர்த்திருக்கேன். எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர முடியுமா? தண்ணிகிட்ட போக வேணாம், படியில உட்கார்ந்தா போதும்" என்றாள்.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் துண்டும் பிஸ்கட் பாக்கெட்டும் எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறேன். பையன் அகலவாக்கில் முழுசாக நீந்துகிறான். கரையைத் தொட்டதும் தலையைத் தூக்கி, நான் பார்த்தேனா என்று பார்ப்பான். போன வாரம் அங்கே சொல்லிக்கொடுக்கிற பையன், "தாத்தா, நீங்களும் எறங்குங்களேன், பெரியவங்களுக்கும் கத்துக் குடுக்கிறோம்" என்றான். டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.